பச்சைக்குப் பயப்படு

ஆயர் ஈத்தாம், பினாங்கு
ஞாயிற்றுக்கிழமை இரவு

அன்புள்ள மருமகளுக்கு,

அத்தை எழுதுகிறேன். போனில் சொன்னால் நீ "சரி அத்தை, சரி அத்தை" என்று பாதியிலேயே முடித்துவிடுவாய். கடிதம் என்றால் கடைசி வரிவரை வந்துதானே ஆகவேண்டும்.

காலையில் பசியாற வந்தபோது உன் புது வேலையைப் பற்றிச் சொன்னாய். கம்பெனியின் மூவாயிரத்துச் சொச்சம் சப்ளையர் ஒப்பந்தங்களையும் ஒரு மென்பொருள் படிக்கிறது. ஷரத்து ஷரத்தாகப் பிரித்து, எது ஆபத்து என்று பார்த்துச் சிவப்பு, மஞ்சள், பச்சை போடுகிறது. சிவப்பை எல்லாம் நீ எடுத்துப் பார்க்க வேண்டும் என்றாய். "பச்சை?" என்று கேட்டேன். "பச்சை ஓக்கே அத்தை, அதைத் திறக்கவே வேண்டாம்" என்றாய். தோசைக்கல் முன்னால் நின்றுகொண்டிருந்ததால் அப்போது வாயைத் திறக்கவில்லை. அந்த ஒரு பேச்சுக்காகத்தான் இந்தக் கடிதம்.

1983-இல் நான் பாயான் லெப்பாஸில் வேலைக்குச் சேர்ந்தபோது எனக்குப் பத்தொன்பது வயது. பாலம் இன்னும் கட்டி முடியவில்லை. பட்டர்வொர்த்தில் ஃபெரி ஏறி, இந்தப் பக்கம் இறங்கிக் கம்பெனி பஸ் பிடிக்க வேண்டும். 1972-இல் தொடங்கிய அந்த வட்டாரத்துக்கு முதலில் வந்த இன்டெல், ஏஎம்டி, ஹெச்பி, பாஷ் முதலான எட்டுக் கம்பெனிகளை 'எட்டு சாமுராய்' என்பார்கள். எங்களுடையது அதற்கெல்லாம் பின்னால் வந்த சின்னது. என்னை மைக்ராஸ்கோப் முன்னால் உட்கார வைத்தார்கள். சிப்பின் விளிம்பிலிருந்து ஒவ்வொரு காலுக்கும் முடியைவிட மெல்லிய தங்கக் கம்பி போகும். அது சரியாக ஒட்டியிருக்கிறதா என்று பார்ப்பதுதான் வேலை.

வளைந்த கம்பி, அறுந்த கம்பி, ஒன்றோடொன்று உரசும் கம்பி எல்லாம் இரண்டே வாரத்தில் கண்ணுக்குப் பழகிவிட்டது. நல்ல கண் என்று பேரும் வாங்கினேன். ஒரு மாதம் கழித்து என் டிரே ஒன்று திரும்பி வந்தது. அதில் ஒரு சிப்பில் ஒரு கம்பி இல்லவே இல்லை. கோணலாக இருந்தால் கண் பிடித்திருக்கும். கம்பியே போடாத இடம் பளிச்சென்று சுத்தமாக இருந்தது. கண் அதைத் தாண்டிப் போய்விட்டது. எங்கள் சூப்பர்வைசர் ஒரு சீனத்து அக்கா. திட்டவில்லை. ஒரு வரைபடத்தை என் மேசையில் ஒட்டிவிட்டு, "பதினாலு கால், பதினாலு கம்பி. பார்க்காதே, எண்ணு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அதற்குப் பிறகு ஸ்டோருக்குப் போனேன், அங்கிருந்து பர்ச்சேசிங். 2019-இல் ஓய்வு பெறும்வரை நான் படித்த ஒப்பந்தங்களுக்குக் கணக்கில்லை. அந்த அக்கா சொன்னதைவிடப் பெரிய பாடம் எந்தச் செமினாரிலும் எனக்குக் கிடைக்கவில்லை. உன் மென்பொருள் எனக்குப் பத்தொன்பது வயதில் இருந்த கண்ணோடு வேலை செய்கிறது. கோணலைப் பிடித்துவிடும்.

அதற்காக மெஷினே வேண்டாம் என்று சொல்லும் கிழவி என்று என்னை நினைத்துவிடாதே. 2017 நவம்பர் 4-ஆம் தேதி ராத்திரி பெய்த மழை உனக்கு ஞாபகம் இருக்கும்; நீங்கள் மாடியில் ஏறி நின்றீர்கள். மறுநாள் தீவும் செபராங் பிறையும் தண்ணீரில் கிடந்தன. திங்கட்கிழமை காலையில் எனக்கு வந்த கேள்வி இதுதான்: எந்தெந்தச் சப்ளையர் 'இயற்கைச் சீற்றம்' என்று சொல்லிச் சரக்கை நிறுத்தலாம், எவரால் முடியாது? நாலு இரும்பு அலமாரி. மூன்று பேர். ஒன்பது நாள். நம் நாட்டுச் சட்டத்தில் அந்த மாதிரிச் சலுகை தானாக வராது. ஒப்பந்தத்தில் எழுதியிருந்தால்தான் உண்டு, எழுதிய அளவுக்குத்தான் உண்டு. ஒருவர் 'வெள்ளம்' என்று எழுதியிருப்பார், இன்னொருவர் 'கட்டுப்பாட்டுக்கு அப்பாற்பட்ட நிகழ்வு' என்று பொதுவாகச் சொல்லியிருப்பார், மூன்றாமவர் ஒன்றுமே எழுதியிருக்க மாட்டார். 2020 மார்ச் 18-இல் நடமாட்டக் கட்டுப்பாடு வந்தபோது என் பழைய தோழிகள் அதே அலமாரிகளை மறுபடி குடைந்தார்கள், இம்முறை 'தொற்றுநோய்', 'அரசாங்க உத்தரவு' என்று தேடிக்கொண்டு. சொல் வேறாக இருந்தாலும் பொருளைப் பார்த்துச் சேர்த்துக் கொடுப்பதுதானே உன் மென்பொருளின் வித்தை? எங்கள் ஒன்பது நாளை அது ஒரு மத்தியானத்தில் முடித்திருக்கும். 2017-இல் ஜேபி மார்கன் வங்கி, கடன் ஒப்பந்தங்களைப் படிக்க ஒரு மென்பொருள் வைத்து, வருடத்துக்கு 3,60,000 மணி நேர வேலையை மிச்சம் பிடித்ததாகச் செய்தி வந்தது. அதைப் படித்தபோது எனக்குப் பொறாமையாக இருந்தது.

ஆனால் அந்த மெஷின் எங்கே படித்தது என்று கேட்டாயா?

மனிதர்களைப் போலத்தான் அதுவும். எந்த ஊர்ப் பள்ளிக்கூடம் என்று தெரிந்தால் பாதிக் குணம் தெரிந்துவிடும். 2021-இல் அமெரிக்காவில் 510 ஒப்பந்தங்களை எடுத்துச் சட்டம் படித்தவர்களை வைத்து 41 வகை ஷரத்துகளைக் கையால் குறித்து ஒரு பெரிய தொகுப்பு வெளியிட்டார்கள். 'குவாட்' என்று பெயர். இந்தத் துறையில் பலரும் தங்கள் மென்பொருளைப் பழக்குவதும் பரீட்சை வைப்பதும் அதில்தான். நல்ல வேலை, குறை சொல்ல மாட்டேன். ஆனால் அத்தனையும் அமெரிக்கப் பங்குச்சந்தை ஆணையத்தில் கம்பெனிகள் தாக்கல் செய்த ஒப்பந்தங்கள். பிறை பக்கத்தில் ஆறு லோரி வைத்திருக்கும் அண்ணாச்சியோடு நாம் போட்ட ஒப்பந்தம் மாதிரி ஒன்றுகூட அதில் இருக்காது.

இதில் இரண்டு விஷயம் உன் கையைச் சுடும். ஒன்று, அபராத ஷரத்து. 'ஒரு நாள் தாமதத்துக்கு இத்தனை ஆயிரம் வெள்ளி' என்று இருந்தால் மென்பொருள் நமக்குப் பலமான பாதுகாப்பு என்று பச்சை போடும். நம் ஒப்பந்தச் சட்டம் 1950-ஆம் வருடத்தது. 1872-ஆம் வருட இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் பிள்ளை. அதன் 75-ஆம் பிரிவைப் படித்துப் பார். தாளில் எவ்வளவு எழுதியிருந்தாலும் அது உச்சவரம்புதான். அதற்குள் நியாயமான நஷ்டஈடு எவ்வளவோ அவ்வளவுதான் கோர்ட் தரும். ஆகவே ஷரத்து இருக்கிறதா என்பதோடு நிற்காதே. அந்தத் தொகைக்கு யாராவது கணக்குப் போட்டு வைத்திருக்கிறார்களா, ஒரு நாள் லைன் நின்றால் நமக்கு எவ்வளவு போகும் என்று எங்காவது காகிதம் இருக்கிறதா என்று தேடு.

இன்னொன்று தேதி. இதில் நானே பட்டிருக்கிறேன். அமெரிக்கத் தலைமையகம் அனுப்பிய ஜெராக்ஸ் மெஷின் வாடகை ஒப்பந்தத்தில் 03/04 என்று போட்டிருந்தது. ஏப்ரல் 3 என்று நாட்காட்டியில் குறித்துக்கொண்டேன். அவர்கள் கணக்கில் அது மார்ச் 4. முடிவதற்கு அறுபது நாள் முன்னால் நோட்டீஸ் கொடுக்காவிட்டால் தானாகவே இன்னொரு வருடத்துக்குப் புதுப்பித்துக்கொள்ளும் ஷரத்து அதில் இருந்தது. நான் நோட்டீஸ் எழுதிய அன்று கெடு தாண்டிப் பல நாள் ஆகியிருந்தது. இரண்டு பழைய மெஷின்கள் பன்னிரண்டு மாதம் மூலையில் நின்றன, வாடகையோடு. மேனேஜர் அவற்றைக் கடந்து போகும்போதெல்லாம் என்னைப் பார்ப்பார். உன் மென்பொருள் தேதியை எப்படிப் படிக்கிறது என்று முதல் வேலையாகக் கேள். ஒவ்வொரு தேதிக்கும் பக்கத்தில் அது எந்தப் பக்கத்திலிருந்து எடுத்தது என்று காட்டச் சொல். காட்டாவிட்டால் அந்தத் தேதியை நம்பாதே.

இனி பச்சைக்கு வருகிறேன்.

கார்ன்வாலிஸ் கோட்டைக்கு உன்னைச் சின்ன வயதில் கூட்டிப்போனேன். அங்கே கிழக்கிந்தியக் கம்பெனிக்காக வந்த ஃபிரான்சிஸ் லைட்டின் சிலை இருக்கும். அவருடைய படம் ஒன்றும் கிடைக்காததால் மகன் முகத்தைப் பார்த்துச் செய்தார்கள் என்பார்கள். இந்தத் தீவின் முதல் பெரிய ஒப்பந்தம் அந்த ஆள் கையில்தான் இருந்தது. கெடா சுல்தான் அப்துல்லா தீவைக் கொடுக்க முன்வந்தபோது நிபந்தனைகள் எழுதினார். அவருக்கு முக்கியமானது ஒன்றுதான். தரைவழியாக எதிரி வந்தால் கிழக்கிந்தியக் கம்பெனி ஆளும் ஆயுதமும் கொடுத்து உதவ வேண்டும். சயாம் மனதில் இருந்தது. கல்கத்தாவிலிருந்து மற்ற நிபந்தனைகளுக்கு ஏதோ ஒரு பதில் வந்தது. இதற்கு மட்டும், மேலிடத்தின் உத்தரவுக்கு அனுப்பியிருக்கிறோம் என்று வந்தது. அது சம்மதமும் இல்லை, மறுப்பும் இல்லை. அந்த நிலையிலேயே லைட் 1786 ஆகஸ்ட் 11-இல் கொடியேற்றிவிட்டார். உத்தரவு வரும் வரும் என்று சுல்தான் காத்திருந்தார். வரவில்லை. 1791-இல் தீவைத் திரும்பப் பிடிக்கப் பிறையில் படை சேர்த்தார். லைட் முந்திக்கொண்டு அடித்தார். அதற்குப் பிறகு கையெழுத்தான உடன்படிக்கையில் வருடத்துக்கு 6,000 ஸ்பானிய டாலர் என்று காசு இருந்தது, பாதுகாப்பு இல்லை. 1800-இல் செபராங் பிறையும் போய் அது 10,000 ஆனது. 1821-இல் சயாம் நிஜமாகவே கெடாவுக்குள் வந்தபோது கம்பெனி கையைக் கட்டிக்கொண்டு நின்றது. அப்போதைய சுல்தான் ஓடி வந்து தங்கியது இதே பினாங்கில்தான். அந்தக் காசு மட்டும் இன்றுவரை போகிறது. வருடம் 10,000 ரிங்கிட்டாக இருந்ததை 2018-இல் மத்திய அரசு ஒரு கோடி ரிங்கிட்டாக உயர்த்தியது.

நீ 'மூன்றாம் தரப்பு அபாயம்' என்கிறாயே, அந்தச் சுல்தானுக்கு மூன்றாம் தரப்பு சயாம். அந்தக் காகிதங்களை உன் மென்பொருளிடம் கொடுத்தால் என்ன சொல்லும்? 'ராணுவ உதவி: ஷரத்து உள்ளது.' 'பதில்: உள்ளது.' பச்சை. அந்தப் பதிலில் பதில் இல்லை என்பது அதன் கண்ணில் படுமா என்று தெரியவில்லை. படும்படி நீதான் கேள்வியை மாற்றிக் கேட்க வேண்டும்: "இந்தப் பத்தியில் இன்னார் இன்னதைச் செய்வதாக ஒப்புக்கொள்கிறாரா? ஆம் என்றால் எந்தச் சொல்லில்?" இப்போது வரும் மென்பொருள்கள் அப்படிக் கேட்டால் ஓரளவு நன்றாகவே பதில் சொல்கின்றன. யாரும் கேட்பதில்லை, அதுதான் குறை.

நான் சுல்தான் மாதிரி ஏமாந்த கதையும் ஒன்று உண்டு. எங்கள் தொழிற்சாலையில் ஆசிட், சால்வென்ட் கழிவுகள் வரும். 2005-ஆம் வருட விதிமுறைப்படி அவற்றை 180 நாளுக்கு மேலோ 20 டன்னுக்கு மேலோ வைத்திருக்கக் கூடாது. உரிமம் உள்ளவரிடம்தான் கொடுக்கலாம். அவற்றை எடுத்துப்போகும் குத்தகைக்காரரின் ஒப்பந்தம் முத்து முத்தாக இருக்கும். 'செல்லுபடியாகும் உரிமம் எப்போதும் வைத்திருப்பேன்' என்ற வரி கொட்டை எழுத்தில். பின்னால் உரிமத்தின் நகலும் உண்டு. மூன்று வருடம் புதுப்பித்துக்கொண்டே போனோம். ஒருநாள் வேறு காரியமாகப் போனவள், பக்கம்தானே என்று அந்த ஆளின் கொல்லைக்குப் போனேன். கேட்டுக்குப் பின்னால் நம் நீலப் பீப்பாய்கள் மழையில் நின்றன, லேபிள் கரைந்து. உள்ளே கேட்டால், லோரி வேறொருவருடையதாம், இவர் ஏற்பாடு மட்டும்தானாம். ஆபீசுக்கு வந்து கோப்பைத் திறந்தேன். பின்னால் இருந்த நகல் இரண்டு வருடத்துக்கு முன்பே காலாவதியானது. வரி இருந்தது, நகல் இருந்தது. இருக்க வேண்டிய தேதி இல்லை. அதை நானேதான் வருடா வருடம் பச்சை பேனாவால் டிக் அடித்திருந்தேன்.

துணைக்குத்தகையைக் கவனி என்று அதனால்தான் சொல்கிறேன். 'எங்கள் எழுத்துமூல அனுமதி இல்லாமல் வேறொருவருக்குக் கைமாற்றக் கூடாது' என்ற வரி எந்தெந்த ஒப்பந்தத்தில் இல்லை என்று ஒரு பட்டியல் எடு. இருப்பதன் பட்டியலை யார் வேண்டுமானாலும் எடுப்பார்கள். நீ இல்லாததன் பட்டியலை எடு. லஞ்சத்துக்கும் அதே மாதிரி ஒரு பட்டியல் எடு. 2020 ஜூன் 1 முதல் ஊழல் தடுப்புச் சட்டத்தின் 17ஏ பிரிவு அமலில் இருக்கிறது. நமக்காக வேலை செய்யும் ஒருவர் நமக்கு ஆதாயம் கிடைக்க எங்கோ லஞ்சம் கொடுத்தால் நம் கம்பெனியும் மாட்டும். கொடுத்ததன் பத்து மடங்கு அல்லது பத்து லட்சம் ரிங்கிட், எது அதிகமோ அது அபராதம், சிறையும் உண்டு. தகுந்த ஏற்பாடுகள் செய்திருந்தோம் என்று நிரூபித்தால்தான் தப்பலாம். பெர்மிட் வாங்கித் தரும் ஏஜென்ட், சுங்கத்தில் சரக்கு எடுக்கும் ஃபார்வர்டர், இவர்களுடைய பழைய ஒரு பக்க ஒப்பந்தங்களில்தான் லஞ்சம் கொடுக்க மாட்டேன் என்ற வரி இருக்காது. தொகை சின்னது என்பதால் மென்பொருளும் அவற்றை அடியில் தள்ளிவிடும். நம் ஊழியர்களின் விவரத்தைக் கையாளும் சம்பளக் கணக்கு கம்பெனிகளையும் அதோடு சேர்த்துப் பார். தகவல் பாதுகாப்புச் சட்டப்படி 2025 ஏப்ரல் முதல் அவர்களுக்கும் நேரடிப் பொறுப்பு வந்துவிட்டது. ஜூன் முதல் தகவல் கசிந்தால் ஆணையருக்கு 72 மணி நேரத்துக்குள் நாம் தெரிவிக்க வேண்டும். 'கசிந்தால் எங்களுக்கு உடனே சொல்வோம்' என்று அவர்கள் ஒப்பந்தத்தில் இருக்கிறதா? 'உடனே' என்றால் எத்தனை மணி நேரம்?

ஆள் சப்ளை ஒப்பந்தங்களை மட்டும் நீ மெஷினிடம் விடவே கூடாது. இது அத்தையின் உத்தரவு என்றே வைத்துக்கொள்.

2014-இல் வெரிட்டே என்ற அமைப்பு நம் நாட்டு எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலைகளில் 501 தொழிலாளர்களைப் பார்த்துப் பேசி ஓர் அறிக்கை வெளியிட்டது. அவர்களில் 28 சதவீதம் பேர் கட்டாய உழைப்பில் இருப்பதாகச் சொன்னது. இங்கே வருமுன்னே ஏஜென்ட்டுக்குக் கட்டணம் கொடுக்க வாங்கிய கடன்தான் பெரும்பாலும் கழுத்தைப் பிடித்தது. எங்கள் கம்பெனியிலும் நேபாளப் பையன்கள் இருந்தார்கள். சப்ளையரின் ஒப்பந்தத்தில் 'தொழிலாளியிடம் எந்தக் கட்டணமும் வசூலிக்கப்படவில்லை' என்று தெளிவாக இருக்கும். பொய்யும் இல்லை. அந்தச் சப்ளையர் வாங்கவில்லை. காத்மாண்டுவில் ஒருவர் வாங்கியிருப்பார், அவருக்குக் கீழே கிராமத்தில் ஒருவர். அவர்கள் பெயர் எந்தத் தாளிலும் வராது. ஒரு தீபாவளிக்கு லைனில் முறுக்கு கொடுக்கப் போனபோது ஒரு பையனிடம் ஊருக்கு எப்போது போகப்போகிறாய் என்று சாதாரணமாகத்தான் கேட்டேன். கடன் முடிய இன்னும் பதினாலு மாதம் இருக்கிறது என்றான். என்ன கடன் என்று கேட்டுத்தான் எல்லாம் வெளியே வந்தது.

உன் கொள்ளுத் தாத்தா நிபோங் திபால் பக்கம் தோட்டத்துக்கு வந்தவர். பழைய ஒப்பந்தக் கூலி முறை 1910-இலேயே நின்றுவிட்டது. அவர் கங்காணி கூட்டி வந்த ஆள். தாளில் அவர் சுதந்திர மனுஷன், ஒரு மாத நோட்டீஸ் கொடுத்துவிட்டு எங்கே வேண்டுமானாலும் போகலாம். போகவில்லை. அரிசியும் புகையிலையும் வாங்கின கங்காணி கடைக் கணக்கு ஒருநாளும் தீரவில்லை என்று பாட்டி சொல்வார். அந்தக் கணக்கு எந்த ஒப்பந்தத்தில் இருந்தது? நம் வீட்டுக் கதை தெரிந்த நீ, ஆள் சப்ளை ஒப்பந்தத்தில் பச்சை பார்த்தால் அந்தத் தொழிலாளர்கள் தங்கும் ஹாஸ்டலுக்குப் போ. மேனேஜரோடு போகாதே. சாப்பாட்டு நேரத்துக்குப் போ.

சின்ன விஷயம் ஒன்று, ஆனால் நம் ஆட்களைத்தான் அதிகம் தொல்லைப்படுத்தும். சப்ளையர் பெயரை எடுத்து, தடைப்பட்டியல், கோர்ட் வழக்கு, பத்திரிகைச் செய்தி எல்லாவற்றோடும் பொருத்திப் பார்க்கும் ஏற்பாடும் உண்டு என்றாய். நம் பெயர்களை அது என்ன பாடு படுத்தப் போகிறது பார். சண்முகம் என்ற ஒரே பெயரை ஆங்கிலத்தில் நாலு விதமாக எழுதுவார்கள். பிறப்புப் பத்திரம் எழுதிய கிராணியின் காது எப்படியோ அப்படி. உன் தாத்தா பெயர் ஐசியில் ஒரு எழுத்தில் இருந்தது, இபிஎஃப்பில் இன்னொரு எழுத்தில். மகன், மகள் என்பதற்கு நடுவில் போடும் 'ஏ/எல்', 'ஏ/பி'-யைக் குடும்பப் பெயர் என்று எண்ணிக்கொள்ளும் மென்பொருளை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். எங்கள் பூக்கார முனியம்மாள் மாதிரி பெயருள்ள ஒருவருக்காக, வேறு நாட்டில் வழக்கில் மாட்டிய யாரோ ஒருவரின் செய்தியைக் காட்டிச் சிவப்பு போடும். அவருக்கு இரண்டு மாதம் பணம் நிற்கும். பெரிய கம்பெனிக்கு அது ஒரு மின்னஞ்சல். சின்ன ஆளுக்கு அது வாடகை. பெயரை விட்டுவிட்டுக் கம்பெனிப் பதிவு எண்ணை வைத்துப் பொருத்தச் சொல். 2019 முதல் அது 12 இலக்கம். அப்படியும் சிவப்பு வந்தால், அன்றைக்கே போன் செய்து கேள்.

கலப்பு மொழியையும் கவனி. ஒப்பந்தம் ஆங்கிலத்தில், அரசாங்கப் பத்திரம் மலாயில், உண்மையான பேரம் வாட்ஸ்அப்பில் மூன்றும் கலந்து. மலாய் ஒப்பந்தத்தில் 'ஹெண்டாக்லா' என்றால் செய்தே ஆகவேண்டும். 'போலே' என்றால் செய்யலாம். ஆனால் வியாழக்கிழமைக்குள் சரக்கு வருமா என்று கேட்டதற்கு ஒரு பினாங்குக்காரர் "போலே, போலே" என்று இரண்டு தடவை சொன்னால், நான் அடுத்த திங்கட்கிழமை என்றுதான் எழுதிக்கொள்வேன். எந்த மென்பொருளுக்கும் இதை யாரும் கற்றுக்கொடுக்கவில்லை என்று நினைக்கிறேன்.

இன்னொன்று சொல்லாவிட்டால் தூக்கம் வராது. காலையில் உன் போனில் ஒரு ஒப்பந்தத்தைத் திறந்து, இலவசமாகக் கிடைக்கும் ஏதோ ஒரு ஏஐயில் போட்டுச் சுருக்கம் வாங்கினதாகக் காட்டினாய். அந்த ஒப்பந்தத்திலேயே ரகசியம் காக்கும் ஷரத்து இருந்திருக்கும், பாப்பா. அதைப் படிக்க வைக்கப் போய் அதையே மீறிவிட்டாய். கம்பெனி கொடுத்ததைத் தவிர வேறெதிலும் ஒரு பக்கம்கூட ஏற்றாதே. என்னிடமும் விலையைப் படித்துக் காட்டாதே.

உன் மேனேஜர் மெஷின் 95 சதவீதம் சரி என்று சொன்னதாகச் சொன்னாய். அது எதன் 95 என்று கேள். அது காட்டிய நூறில் தொண்ணூற்றைந்து சரியா, இருக்கும் நூறில் தொண்ணூற்றைந்தைக் காட்டியதா? இரண்டும் வேறு வேறு. நமக்கு வேண்டியது இரண்டாவது. அதை அறிய ஒரே வழிதான் உண்டு. பச்சையிலிருந்து ஐம்பது ஒப்பந்தத்தைக் கண்ணை மூடிக்கொண்டு எடு. மெஷின் என்ன சொன்னது என்று பார்க்காமல் நீயே பென்சிலோடு உட்கார்ந்து படி. படிக்கும் முன்னால் ஒரு வரைபடம் வரைந்துகொள்: கழிவு ஒப்பந்தம் என்றால் இன்னின்ன இருக்க வேண்டும், ஆள் சப்ளை என்றால் இன்னின்ன, வாடகை என்றால் இன்னின்ன. பிறகு எண்ணு. ஒரு வாரம் போகும். மேனேஜர் முகம் சுளிப்பார். அந்த ஐம்பதில் நீ என்ன கண்டாய் என்று காட்டினால் அடுத்த ஐம்பதுக்கு அவரே நேரம் கொடுப்பார். கொடுக்காவிட்டால் சனிக்கிழமை செய்.

காலையில் பேச்சோடு பேச்சாகக் கேன்டீன் ஒப்பந்தத்தைப் பற்றி ஒன்று சொன்னாய், ஞாபகம் இருக்கிறதா? பச்சை, எந்தப் பிரச்சினையும் இல்லை, மூன்று இணைப்புகளும் ஒப்பந்தத்திலேயே குறிப்பிட்டிருக்கிறது என்று. குறிப்பிட்டிருக்கிறது என்றாய், இருக்கிறது என்று சொல்லவில்லை. நாளைக் காலையில் போனதும் அதைத் திறந்து கடைசிப் பக்கம்வரை புரட்டு. இரண்டு இணைப்புதான் இருந்தால் எனக்கு ஒரு போன் போடு. மூன்றாவது எங்கே இருக்கும் என்று எனக்கு ஒரு யூகம் உண்டு. அந்தக் காலத்தில் கையெழுத்துக்கு என்று எடுத்துப் போனவர்கள் ஸ்டோர் அறை மேசையில் வைத்துவிட்டு மறந்துவிடுவார்கள்.

நீ விட்டுப்போன குடை என் வீட்டில் இருக்கிறது.

அன்புடன்,
அத்தை